முப்பத்தெட்டாவது வாரம்

நாரின் ஊரில் விடிகாலை நாலரை.
மைனஸ் இருபத்திரண்டு.
ஆறு மணிக்கு நாலு பேர் வருவார்கள்,
டோலோன் கணவாய் தாண்டி பிஷ்கெக் போக.
காருக்கு அடியில் நான் மல்லாந்து கிடக்கிறேன்.
பல்லிடுக்கில் கைபேசி,
அதன் வெளிச்சத்தில் என் மூச்சுதான் முதலில் தெரிகிறது.

நேற்றுதான் வாங்கினேன் நாலையும்.
குதைபெர்கன் கடைவாசலில்
இப்போதுதான் குளித்து வந்தவை போல மினுங்கின.
ரப்பர் ரோமம்கூட உதிரவில்லை.
"புத்தம் புதுசு அக்கா, பொய்யென்றால்
ரொட்டி என்னை அடிக்கட்டும்" என்றான்.
எங்கள் பக்கம் ரொட்டியை இழுத்துவிட்டால்
அதற்குமேல் பேரம் கிடையாது.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
எண்ண வேண்டியது வேறு ஏதோ என்று
அப்போது உறைக்கவில்லை.

திரும்பும் வழியில், கணவாய் இறக்கத்தில்,
பின்வலது சக்கரம் மட்டும்
ஒரு நொடி யோசித்தது.
சக்கரம் யோசிக்கக் கூடாது.

மூன்று சோம் காசைத் தடத்துப் பள்ளத்தில் செருகினேன்.
நாலிலும் ஒரே முழுக்கு.
காசுக்கு ஆழம் தெரியும், வயது தெரியாது.
கையுறையைக் கழற்றி நகத்தால் அழுத்தினேன்.
மூன்று இடம் கொடுத்தன.
நாலாவது,
பெண் பார்க்க வந்த வீட்டில் மாமனார் உட்கார்ந்த மாதிரி
விறைத்துக்கொண்டிருந்தது.

பிறந்த தேதி பக்கச்சுவரில் இருக்கும்,
நாலே நாலு இலக்கம், ஒரு சின்ன வளையத்துக்குள்.
மூன்றுக்கு வெளியே இருந்தது, நின்றபடியே படித்தேன்.
இதற்கு மட்டும் உள்பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள்.
தலை நுழையாத இடம்.
கைப்பையில் உதட்டுச்சாயத்தோடு கிடந்த
கண்ணாடியை நீட்டினேன்.

அறுபத்தொன்று, எண்பத்து மூன்று.

ஆண்டில் ஏது அறுபத்தோராவது வாரம்?
கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு
எனக்கு நானே சிரித்தேன், கைபேசி மார்பில் விழுந்தது.
கண்ணாடி எதையும் புரட்டித்தானே சொல்லும்.
முப்பத்தெட்டு. பதினாறு.
இரண்டாயிரத்துப் பதினாறு, செப்டம்பர்.

அந்த செப்டம்பரில் நான் மாஸ்கோவில்
யாரோ போட்டுப்பார்த்துக் கழற்றிய சட்டைகளை
மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.
இது ஏதோ கிடங்கில், இன்னொன்றின் மேல் சாய்ந்து.
ஒரு கல் படாமல், ஒரு பனி படாமல்,
ஓடாமலே கிழடாகியிருக்கிறது.
வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்
கறுப்புப் பூச்சுக்கு அடியில்
காய்ந்த ஏரிப்படுகையைப் போல
மெல்லிய வெடிப்பு.

திருப்பிக் கொடுக்க பிஷ்கெக் போக வேண்டும்.
பிஷ்கெக் போக இதன்மேல்தான் போக வேண்டும்.
ரொம்ப நேரம் அந்தக் கணக்கிலேயே படுத்திருந்தேன்.
முதுகுக்குக் கீழே பனி உருகி மறுபடி உறைந்தது.

பிறகு ஜாக்கியை எடுத்தேன்.
ஸ்டெப்னியில் கிடந்தது போன குளிர்காலத்து டயர்.
காசைச் செருகினால் பாதி வெளியே நிற்கும்.
ஆனால் அது தேய்ந்த ஒவ்வொரு கிலோமீட்டரிலும்
நானும் இருந்தேன்.
ஒட்டுப் போட்ட இடம், ஆணி குத்திய நாள்,
எல்லாம் மனப்பாடம்.
நட்டுகளை முறுக்கி முடித்தபோது
விரல் பத்தும் என்னுடையதாக இல்லை.

ஆறு மணிக்கு வந்த பெகிமாய்க்கு ஏழாம் மாதம்.
ஆஸ்பத்திரிக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு
"இன்று ஏன் இவ்வளவு மெதுவாக?" என்றாள்.
"வண்டி ஓரிடத்தில் யோசிக்கும்" என்றேன்.
டிக்கியில் ஆட்டுத்தொடை ஒன்று
பொய்யனுக்குப் பக்கத்தில் படுத்து வந்தது.

குதைபெர்கன் நாலு இலக்கத்தையும் பார்த்தான்,
என்னையும் பார்த்தான்.
"ஒருநாள்கூட ஓடவில்லை அக்கா,
எப்படிப் பழசாகும்?"

ஏமாற்றுகிறானா, நிஜமாகவே கேட்கிறானா?
முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.
பதிலும் உடனே வரவில்லை எனக்கு.
அவனே உள்ளே போய் வேறொன்றை உருட்டி வந்தான்.
குனிந்தேன், படித்தேன், மறுபடி படித்தேன்.

"மாட்டும்போது
எண் வெளியே தெரியட்டும்" என்றேன்.